500 கிலோவாட்டா, சாங்ஷன் லோடா? மத்திய விதியும் கர்நாடக கமிஷனும்

#1 · மாடிக்கூரை

ஹொரமாவு பக்கம் 140 வீடுகள் உள்ள அபார்ட்மென்ட். பொதுப் பயன்பாட்டுக்குத் தனி மீட்டர். சாங்ஷன் லோடு, அதாவது மின்வாரியம் அனுமதித்த அதிகபட்ச சுமை, 60 கிலோவாட். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், கழிவுநீர் சுத்திகரிப்பு, படிக்கட்டு விளக்கு எல்லாமே அதில்தான் ஓடுகிறது. மொட்டை மாடியில் நிழல் விழாத இடம் 13,000 சதுர அடி தேறும். டீசல் ஜெனரேட்டரும் இருக்கிறது.

"மத்திய அரசு விதிப்படி 500 கிலோவாட் வரை நெட் மீட்டரிங் உண்டு, 120 கிலோவாட் போடுங்கள்" என்று ஒரு கம்பெனி சோலார் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. (நெட் மீட்டரிங் என்றால் மாடி சோலார் மின்சாரத்தை நம் பில்லில் கழித்துக்கொள்வது.) மின்வாரிய சப்-டிவிஷனில் 60-க்கு மேல் விண்ணப்பம் வாங்க முடியாது என்கிறார்கள். மத்திய விதி பெரிதா, கேஇஆர்சி (கர்நாடக மின்சார ஒழுங்குமுறை கமிஷன்) பெரிதா? நாட்டுக்கே ஒரு கொள்கை இருக்கும்போது மாநிலம் குறுக்கே நிற்கலாமா? அடுத்த ஞாயிறு பொதுக்குழு. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · மின்சட்டம்86

முதலில் உங்கள் 120-ஐ முடித்துவிடுவோம். நுகர்வோர் உரிமை விதிகள் 2020 டிசம்பர் 31-ல் வந்தபோது நெட் மீட்டரிங் 10 கிலோவாட் வரைதான் என்று இருந்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதால் 2021 ஜூனில் திருத்தினார்கள். திருத்திய வாசகம்: 500 கிலோவாட் அல்லது சாங்ஷன் லோடு, இரண்டில் எது குறைவோ அது. கம்பெனிக்காரர் வாசகத்தின் முதல் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு மத்திய விதியும் 60, கமிஷனும் 60. இதில் மோதலே இல்லை.

மோதல் வரும் இடங்கள் வேறு. மின்சாரம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 38-வது இனம். 2003 மின்சாரச் சட்டத்தில் அதிகாரம் இப்படிப் பிரிந்திருக்கிறது: 176-வது பிரிவின்கீழ் மத்திய அரசு "விதிகள்" போடலாம், 181-வது பிரிவின்கீழ் மாநில கமிஷன் "ஒழுங்குமுறைகள்" போடலாம். இரண்டும் சட்டத்துக்குக் கீழேதான், ஒன்றுக்கொன்று மேலதிகாரி அல்ல. தேசிய மின்கொள்கை, கட்டணக் கொள்கை விஷயத்தில் 86(4) சொல்வது, கமிஷன் அவற்றால் "வழிகாட்டப்படும்" என்பதுதான். வழிகாட்டுதல் வேறு, கட்டளை வேறு. வக்கீல்கள் இருபது வருடமாக அந்த ஒரு சொல்லில்தான் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்குச் சரியான உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை ஆற்றல் ஓப்பன் ஆக்ஸஸ் விதிகளை 2024 டிசம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. ஓப்பன் ஆக்ஸஸ், அதாவது உள்ளூர் மின்வாரியத்தை விட்டு வெளியே ஒரு உற்பத்தியாளரிடம் மின்சாரம் வாங்குவது, 42-வது பிரிவில் வருகிறது, அந்தப் பிரிவு மாநில கமிஷனுக்குத் தந்த வேலையை மத்திய அரசு விதி போட்டு எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் காரணம். அந்த விதிகளை ஒட்டி கேஇஆர்சி எழுதிய ஒழுங்குமுறையும் அதோடு போனது.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கமிஷனின் ஆர்டர் பிடிக்கவில்லை என்றால் 111-வது பிரிவில் 45 நாளுக்குள் டெல்லியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆனால் ஒழுங்குமுறையையே எதிர்ப்பதாக இருந்தால் அங்கே முடியாது, உயர்நீதிமன்றம்தான். 2010-ல் பிடிசி இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தவறான கதவைத் தட்டி வருடக்கணக்கில் காலம் கடத்தியவர்கள் உண்டு.

#3 · ரிலேபேனல்

சட்டம் சார் சொல்லிட்டார். நான் மாடியைப் பத்தி மட்டும் சொல்றேன்.

60 கிலோவாட்டுக்கு 545 வாட் பேனல்னா 110 வேணும். கிலோவாட்டுக்கு 100 சதுர அடி கணக்குல 6,000 சதுர அடி போதும். பெங்களூருல வருஷ சராசரி கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட். அப்போ மாசம் சுமார் 7,200 யூனிட். உங்க பொது மீட்டர் பில்லை 12 மாசத்துக்கு எடுத்து வச்சுப் பாருங்க. மாசம் 9,000 ஓடுதுன்னா கணக்குப்படி எல்லாமே உள்ளேயே கழிஞ்சிடும். 5,000 தான் ஓடுதுன்னா 60-ஏ அதிகம், 40 போடுங்க. சாங்ஷன் லோடை 120-ஆ ஏத்திட்டு 120 போடலாம்னு கம்பெனி அடுத்து சொல்லும். ஒத்துக்காதீங்க. ஏத்தின ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாசாமாசம் நிலைக்கட்டணம் வரும். மழை பெய்ஞ்சாலும் வரும், வெயில் அடிச்சாலும் வரும்.

மானியம்: பிஎம் சூர்ய கர் திட்டத்துல குடியிருப்போர் சங்கத்துக்கு பொதுப் பயன்பாட்டுக்காக கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். 60-க்கு 10.8 லட்சம். தனி வீட்டுக்கு வர்ற 78,000 கணக்கு வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மானியம் வேணும்னா செல்லும் பேனலும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். கொட்டேஷன்ல "டிசிஆர்" னு எழுதி, பேனல் சீரியல் நம்பரோட லிஸ்ட் தருவோம்னும் எழுதி வாங்குங்க. விலை வித்தியாசம் பெருசு. அதனால சாதா பேனலைக் கோட் பண்ணிட்டு மானியத்தையும் கழிச்சுக் காட்டுற கொட்டேஷனை அங்கேயே மூடி வச்சிடலாம்.

இப்போ முக்கியமானது, ஜெனரேட்டர். நம்ம ஊர் அபார்ட்மென்ட்ல நிறைய தப்பு நடக்கிற இடம் இதுதான். கரன்ட் போச்சுன்னா சோலார் இன்வெர்ட்டர் தானா நின்னுடும், அது பாதுகாப்புக்கு. பத்து செகண்டுல டிஜி, அதாவது டீசல் ஜெனரேட்டர், வந்து அதே பொது இணைப்புல (பஸ்பார்) கரன்ட் குடுத்ததும், இன்வெர்ட்டர் அதை கிரிட்னு, அதாவது மின்வாரிய லைன்னு, நினைச்சு ஓட ஆரம்பிக்கும். மதியம் 12 மணி, லோடு 25 கிலோவாட், சோலார் 45 தருது. மிச்சம் 20 எங்கே போகும்? ஜெனரேட்டருக்குள்ள திரும்பும். ரிவர்ஸ் பவர் ரிலே இருந்தா டிஜி டிரிப் ஆகும். இல்லைன்னா ஆல்டர்னேட்டருக்கே ஆபத்து. வழி ரெண்டு. ஒண்ணு, டிஜி ஓடும்போது சோலார் கான்டாக்டர் திறந்தே இருக்கிற மாதிரி இன்டர்லாக். செலவு கம்மி. ரெண்டாவது, டிஜி கன்ட்ரோலர்: டிஜி மேல எப்பவும் குறைஞ்சது 30 சதவீத லோடு நிக்கிற மாதிரி சோலாரைக் குறைச்சு ஓட்டும். ஏதோ ஒண்ணு கொட்டேஷன்ல இருந்தே ஆகணும்.

டிசி எர்த், ஏசி எர்த், இடிதாங்கி எர்த் மூணும் தனித்தனிக் குழி. பேனல் கேபிளை இணைக்கிற எம்சி4 கனெக்டர் ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனி. வேற வேற கம்பெனி போட்டா சரியா உட்காராது, ரெண்டு வருஷத்துல சூடாகிக் கருகும். தண்ணி டேங்க் நிழல் டிசம்பர்ல எவ்வளவு நீளுதுன்னு பார்த்துட்டு ஸ்ட்ரிங் (தொடரா இணைச்ச பேனல் வரிசை) பிரிக்கணும். ஜூன் மாச நிழலைப் பார்த்துப் பிரிச்சா குளிர்காலத்துல ஒரு ஸ்ட்ரிங்கே படுத்துடும்.

#4 · ஐயமுண்டு

சட்டம் சார், ரிலே சார், இருவருக்கும் நன்றி. ஆனால் கேட்டவரின் கடைசிக் கேள்வி அப்படியே கிடக்கிறது. மாநிலங்கள் குறுக்கே நிற்கத்தான் செய்கின்றன. ஏற்கனவே கையெழுத்தான காற்று, சூரிய ஒப்பந்த விலைகளைத் திரும்பப் பேச வேண்டும் என்று ஆந்திரா 2019-ல் நின்றது. 2022-ல் உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான் உற்பத்தியாளர்களுக்கு வழி பிறந்தது. தமிழ்நாட்டில் சூரிய நிலையங்களை நிறுத்தி வைத்த விவகாரம் தீர்ப்பாயம் வரை போனது. கர்நாடகாவே 2018 மார்ச்சுக்குள் வந்த சோலாருக்கு வீலிங் (மின்வாரியக் கம்பி வாடகை) முதல் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (வெளியே வாங்குபவர் மற்றவர்களின் மானியத்துக்காகக் கட்டும் கூடுதல் கட்டணம்) வரை பத்து வருடம் விலக்கு என்று சொல்லிவிட்டு, நிலையங்கள் எழுந்த இரண்டே மாதத்தில் கட்டணம் போட்டது. 2019-ல் உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டியிருந்தது. டெல்லி திட்டம் போடுகிறது, மாநிலங்கள் இழுக்கின்றன. இதுதானே நடப்பது?

#5 · மில்லர்ஸ்டேங்க்

நீங்கள் அடுக்கிய மூன்றும் உண்மை. ஆனால் "டெல்லி திட்டம் போடுகிறது" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் நாட்டின் ஆற்றல் கொள்கையில் இன்று தேசியம் என்று நாம் அழைக்கும் பெரும்பாலானவை ஏதோ ஒரு மாநில கமிஷனின் மேசையில் முதலில் எழுதப்பட்டவை.

கமிஷன் என்ற அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒடிசா 1995-ல் மின் சீர்திருத்தச் சட்டம் இயற்றி அடுத்த வருடமே கமிஷன் அமைத்தது. மத்திய கமிஷனுக்கான சட்டம் 1998-ல்தான் வந்தது. கர்நாடகம் 1999-ல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. இவற்றைப் பார்த்துத்தான் 2003 சட்டம் எழுதப்பட்டது. அதில் 185(3)-ஐப் படியுங்கள்: மாநிலச் சீர்திருத்தச் சட்டங்கள் பெயர் பெயராக அட்டவணையில் வைத்துக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன.

அடுத்து ஆர்பிஓ, அதாவது வாங்கும் மின்சாரத்தில் இத்தனை சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற கடமை. கேஇஆர்சி 2004-லேயே குறைந்தது 5, அதிகம் 10 சதவீதம் என்று எழுதியது. தேசியக் கட்டணக் கொள்கை 2006-ல்தான் வருகிறது. காலநிலைச் செயல்திட்டம் 2008-ல் வந்து, 2009-10-ல் 5 சதவீதம், பிறகு வருடத்துக்கு ஒன்று என்கிறது. அந்தத் தொடக்க எண் எங்கள் ஊரில் ஏற்கனவே ஒழுங்குமுறையில் இருந்த எண். இதில் 5-ஐ விட அந்த 10 முக்கியம். உச்சவரம்பு ஏன்? அன்றைக்கு ஜலமின்சாரமும் காற்றும் கையில் இருந்த கர்நாடகத்தில், எந்த விலைக்கும் வாங்கக் கட்டாயப்படுத்தினால் நுகர்வோர் கட்டணம் ஏறும் என்ற பயம். டெல்லிக்கு அந்தத் தரை (குறைந்தபட்சம்) மட்டும் போய்ச் சேர்ந்தது, கூரை (உச்சவரம்பு) போகவில்லை.

இந்தக் கடமை சொந்த நிலையம் வைத்திருக்கும் தொழிற்சாலைக்கும் உண்டா என்ற கேள்வியை ராஜஸ்தான் கமிஷனின் ஒழுங்குமுறைதான் எழுப்பியது. ஹிந்துஸ்தான் ஜிங்க் வழக்கு. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் "உண்டு" என்றது. ஒரு மாநிலத்தின் ஒழுங்குமுறை அன்று நாடு முழுமைக்கும் உறுதியானது.

நேரவாரிக் கட்டணத்தை மகாராஷ்டிரா கமிஷன் 2000-லேயே கொண்டுவந்தது. மத்திய விதி 2023 ஜூன்: 10 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வணிக, தொழில் இணைப்புகளுக்கு 2024 ஏப்ரல் முதல், விவசாயம் தவிர மற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்து, சூரிய நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு. நடுவில் இருபத்து மூன்று வருடம்.

சோலார் பார்க்: குஜராத் தன் சூரியக் கொள்கையை 2009-ல் வெளியிட்டது, தேசிய சோலார் மிஷன் 2010 ஜனவரி. பாட்டன் மாவட்டத்து சாரங்கா 2012-ல் ஓடத் தொடங்கியது, மத்திய சோலார் பார்க் திட்டம் 2014 டிசம்பர். அதற்குப் பிறகு பாவகடாவில் கர்நாடகம் சேர்த்தது நிலக் குத்தகை. சுமார் 13,000 ஏக்கர், விவசாயிடமிருந்து வாங்காமல் ஏக்கருக்கு வருடம் 21,000 ரூபாய், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீத ஏற்றம். கையகப்படுத்தியிருந்தால் 2,000 மெகாவாட் அந்த வேகத்தில் எழுந்திருக்காது. நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு அந்தக் குத்தகையில் ஒரு பைசா இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் குறையையும் பார்க்காமல் நகல் எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கடைசியாக 9.56. கேஇஆர்சி 2013 அக்டோபரில் மாடி சோலாருக்கு யூனிட்டுக்கு 9 ரூபாய் 56 காசு என்றது. மத்திய மானியம் வாங்கியவர்களுக்கு 7.20. நோக்கம் நல்லது. ஆனால் பேனல் விலை அதைவிட வேகமாகச் சரிந்தது. கோழிப்பண்ணைக் கூரை, மாட்டுக்கொட்டகைக் கூரை என்று "கூரை" என்ற சொல்லே நீட்டப்பட்டு, உள்ளே பத்து பல்பு எரியும் இடத்தில் ஊருக்கே காணும் அளவு பேனல் வந்தது. அதற்குப் பிறகுதான் விலை குறைப்பு, கொள்ளளவை சாங்ஷன் லோடோடு கட்டுவது எல்லாம். மாடிக்கூரை சாரை இன்று நிறுத்தும் அந்த 60-க்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது.

#6 · ஐயமுண்டு

முன்னால் நடந்தது என்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. குஜராத் கொள்கை 2009 என்கிறீர்கள். 2008 செயல்திட்டத்திலேயே சோலார் மிஷன் அறிவிக்கப்பட்டுவிட்டது. குஜராத் அதைப் பார்த்து முந்திக்கொண்டது என்றும் சொல்லலாமே? சாங்ஷன் லோடு கட்டுப்பாடும் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்ற சாதாரண இன்ஜினியரிங் கணக்கிலிருந்து எந்த மாநிலத்திலும் வந்திருக்கும்.

#7 · மில்லர்ஸ்டேங்க்

குஜராத் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம், அந்த வரியை "முந்திக்கொண்டது" என்று திருத்திக்கொள்கிறேன். சாரங்கா பற்றிச் சொன்னது நிற்கும்: பொதுச் சாலை, பொது சப்ஸ்டேஷன், துண்டு துண்டாக உற்பத்தியாளர்களுக்கு நிலம் என்ற வடிவத்தை டெல்லி காகிதத்தில் கண்டுபிடிக்கவில்லை.

#8 · காற்றுக்கணக்கு

காரணமா, முன்பின்னா என்று பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது: முன்கணிப்பு ஒழுங்குமுறை. இதில் மத்தியும் மாநிலமும் மாறி மாறி ஒன்றையொன்று திருத்தியிருக்கின்றன.

சோலாரோ காற்றோ, ஒரு நாளை 15 நிமிடமாக 96 கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வரும் என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். தவறினால் பணம் கட்ட வேண்டும். பிரச்சினை, தவறை எதால் வகுப்பது என்பதில். 10 மெகாவாட் நிலையம், 6 சொல்லியிருக்கிறீர்கள், மேகம் வந்து 3.5 தான் வந்தது. சொன்ன அளவால் வகுத்தால் தவறு ஏறக்குறைய 42 சதவீதம். இருக்கும் கொள்ளளவால் வகுத்தால் 25. காலை ஏழு மணிக்கு 0.5 சொல்லி 0.3 வந்தால் முதல் முறையில் 40 சதவீதம் தவறு, இரண்டாவதில் 2. கிரிட்டுக்கு அந்த 0.2 மெகாவாட் ஒரு பொருட்டே அல்ல. மத்திய கமிஷன் 2015 ஆகஸ்டில் கொள்ளளவால் வகுக்கும் முறைக்கு மாறியது. அது மாநிலங்களுக்கு இடையே விற்பவர்களுக்கு மட்டும். ஆனால் நாட்டின் காற்றும் சோலாரும் அன்றைக்குப் பெரும்பாலும் மாநிலத்துக்குள்ளேயே இணைந்திருந்தன, மத்திய விதி அவற்றைத் தொடவே முடியாது. மாநில கமிஷன் எழுதினால்தான் உண்டு. கேஇஆர்சி அதே வருடம் எழுதியது, 2017 ஜூனில் அமலுக்கு வந்தது.

அந்த ஒழுங்குமுறைப்படி பிழை 15 சதவீதம் வரை கட்டணம் இல்லை. 15 முதல் 25 வரை யூனிட்டுக்கு 50 காசு, 25 முதல் 35 வரை 1 ரூபாய், அதற்கு மேல் 1.50. மேலே சொன்ன கட்டத்துக்குக் கணக்கு: விலகல் 2.5 மெகாவாட், 1.5 வரை இலவசம். மிச்சம் 1 மெகாவாட், கால் மணி நேரம், 250 யூனிட், 125 ரூபாய். ஒரு கட்டத்துக்கு இது சிறிது. மே மாதம் மதியத்துக்கு மேல் சித்ரதுர்கா பக்கம் இடிமழை திரளும்போது ஒரே நாளில் 12 கட்டம் தவறும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், பெரும்பாலும் வானிலை மாதிரியில் அல்ல. "இருக்கும் கொள்ளளவு" என்ற எண்ணைச் சரியாகத் தெரிவிக்காததில். ஒரு இன்வெர்ட்டர் பிளாக் பழுதாகி 2 மெகாவாட் வெளியே போயிருக்கும், நிலையத்திலிருந்து யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முன்கணிப்பாளர் 10-க்கே கணிப்பார். நாள் முழுக்கத் தவறு. ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை என 16 முறை திருத்தலாம். அந்தத் திருத்தத்தைப் பயன்படுத்தவே தொலைபேசியில் ஒரு வார்த்தை போதும்.

ஒரே பூலிங் ஸ்டேஷனில் சேரும் ஐந்து நிலையங்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் மேகம் ஒன்றை மூடும்போது இன்னொன்று திறந்திருக்கும். பிழை தானாகவே குறையும். இதை ஒருங்கிணைத்துச் செய்ய ஒரு ஏஜென்சி என்ற ஏற்பாடு மாநில ஒழுங்குமுறைகளில்தான் நடைமுறையாகப் பழகியது.

#9 · மின்சட்டம்86

ஐயமுண்டு சார் சொன்ன ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் திரும்புகிறேன், ஏனென்றால் அவையும் தேசியக் கொள்கையை உருவாக்கின. தமிழ்நாட்டு சூரிய நிலையங்களை நிறுத்தியதில், கிரிட் பாதுகாப்புக்கு அல்லாமல் பணக் காரணத்துக்காக நிறுத்தக்கூடாது என்று தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் சொன்னது. அதே வருடம் அக்டோபரில் மத்திய அரசின் "மஸ்ட் ரன்" (நிறுத்தாமல் ஓட்டியே ஆக வேண்டும்) விதிகள் வந்தன. பாக்கி வைப்பது பல மாநிலங்களில் பழக்கமாகிப்போனதும் 2022 ஜூனில் தாமதக் கட்டண விதிகள். இந்த விதிகளுக்கு மூலம் மாநிலங்களின் நடத்தை.

ஆனால் இப்போது திசை மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். ஆர்பிஓ எண்ணை நிர்ணயிக்கும் அதிகாரம் 86(1)(இ)-ல் மாநில கமிஷனுக்கு இருந்தது. 2022-ல் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, 2023 அக்டோபரில் அந்தச் சட்டத்தின்கீழ் மத்திய அரசே எண்களை அறிவித்துவிட்டது: 2024-25-க்கு 29.91 சதவீதம், 2029-30-க்கு 43.33. மின்சாரச் சட்டத்தைத் தொடவில்லை, வேறு சட்டத்தின் வழியாக வந்துவிட்டார்கள். கமிஷன் ஒரு எண் சொல்லி, மத்திய அறிவிப்பு வேறு எண் சொன்னால் தொழிற்சாலை இரண்டில் பெரியதை நிறைவேற்றுவதுதான் பாதுகாப்பு. அபராதம் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் 26-வது பிரிவில் வருகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. காற்று உள்ள மாநிலமும் காற்றே இல்லாத மாநிலமும் ஒரே எண்ணுக்கு ஓட வேண்டியிருக்கிறது. எந்த விலைக்கு வாங்குவது என்பதை மட்டும் மாநில நுகர்வோர் சுமக்கிறார்.

#10 · மில்லர்ஸ்டேங்க்

அந்த அறிவிப்பில் மாடிக்கூரை சாருக்கு உதவும் ஒரு வரி இருக்கிறது. 10 மெகாவாட்டுக்குக் குறைவான பரவல் நிலையங்களுக்கென்று தனிப் பங்கு: 2024-25-ல் 1.5 சதவீதம், 2029-30-ல் 4.5. மாடி சோலார் இதில்தான் சேரும். உற்பத்தி எண் கிடைக்காவிட்டால் கிலோவாட்டுக்கு நாளைக்கு 3.5 யூனிட் என்று கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. ரிலே சார் சொன்னது 4. 60 கிலோவாட்டுக்கு அரை யூனிட் வித்தியாசம் வருடத்துக்குச் சுமார் 11,000 யூனிட். உற்பத்தி மீட்டரை மாதம் தவறாமல் படித்துப் பதிவு செய்தால் டிஸ்காமின் (மின்விநியோக நிறுவனத்தின்) கடமைக் கணக்கில் அத்தனையும் ஏறும். அதனால் இன்று மாடி சோலார் அவர்களுக்கு வெறும் வருமான இழப்பு அல்ல. சப்-டிவிஷனில் பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

#11 · மாடிக்கூரை

எல்லோருக்கும் மிக்க நன்றி. 60 தாண்ட வேண்டாம் என்று புரிந்தது. ஒரு துணைக் கேள்வி. மாடியில் மிச்ச இடம் வீணாகிறதே என்று சிலர் கேட்கிறார்கள்; வேறு சிலர், வெளியே காற்றாலை மின்சாரம் வாங்கலாம், 100 கிலோவாட் இருந்தால் போதும் என்கிறார்கள். அது சரிவருமா?

#12 · காற்றுக்கணக்கு

1 மெகாவாட் என்று இருந்த எல்லையை 100 கிலோவாட்டாக இறக்கியது 2022 விதிகள். கர்நாடகத்தில் அவை ரத்தான கதையை மேலே சொல்லிவிட்டார்கள். அதனால் கையெழுத்துக்கு முன் அந்தத் தேதியில் நிற்கும் கமிஷன் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு எல்லை, வீலிங், கிராஸ் சப்சிடி சர்சார்ஜ், பேங்கிங் நான்கையும் பாருங்கள். உங்கள் லோடு 60. எப்படிப் பார்த்தாலும் நீங்கள் வெளியேதான்.

பேங்கிங், அதாவது மிச்ச மின்சாரத்தைக் கணக்கில் வைத்துப் பிறகு எடுத்துக்கொள்வது, பற்றி மட்டும் பெரிய லோடு உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன். காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும், ஜனவரியில் ஓய்ந்துவிடும். மாதம் ஒரு லட்சம் யூனிட் சீராக எரியும் ஆலை. ஜூலையில் காற்றாலை தருவது 2.5 லட்சம், ஜனவரியில் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கணக்கு பேங்கிங் இருந்தால் ஜூலையின் மிச்சம் 1.5 லட்சத்தை ஜனவரியில் 70,000, பிப்ரவரியில் 70,000 என்று எடுத்துக்கொள்ளலாம். மாதக் கணக்கு என்றால் ஜூலை 31 இரவோடு அது காலாவதி. உற்பத்தியாளருக்குப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சான்றிதழ் மட்டும் மிஞ்சும். தமிழ்நாடும் கர்நாடகமும் வருடக் கணக்கு பேங்கிங் தந்ததால்தான் இங்கே காற்றாலைகள் எழுந்தன. 2022 மத்திய விதி "குறைந்தது மாதக் கணக்கு" என்று எழுதியது. குறைந்தது என்றால் அதற்கு மேல் தரலாம். பல மாநிலங்கள் அந்தக் குறைந்த அளவையே முழு அளவாக எடுத்துக்கொண்டன. சோலாருக்கு மாதக் கணக்கு வலிக்காது, காற்றுக்கு வருடக் கணக்குதான் உயிர்.

#13 · ரிலேபேனல்

மிச்ச இடத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. லோடு உண்மையாவே கூடும்போது, உதாரணத்துக்கு இ-வாகன சார்ஜர் பொது மீட்டர்ல வந்தா, சாங்ஷன் லோடு ஏறும், அப்போ பேனலும் சேர்க்கலாம். இப்பவே அந்தப் பக்கத்துக்கு டிசி கேபிள் குழாய் மட்டும் காலியா விட்டு வைங்க. இன்வெர்ட்டர் ரெண்டு 30-ஆ போடுங்க, ஒண்ணு 60 வேண்டாம். ஒண்ணு சர்வீசுக்குப் போனாலும் பாதி ஓடும்.

விண்ணப்பத்துல 10 கிலோவாட்டுக்கு மேல இருக்கிறதால சாத்தியக்கூறு ஆய்வு உண்டு. 2024 பிப்ரவரித் திருத்தப்படி 15 நாள். அதுக்குள்ள பதில் வரலைன்னா சாத்தியம்னு எடுத்துக்கணும்னு விதியே சொல்லுது. அதனால விண்ணப்பம் ஏத்துக்கிட்ட தேதி, எண் ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

#14 · மின்சட்டம்86

பொதுக்குழுத் தீர்மானத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கட்டும்: மாடி பொது உடைமை, 25 வருடத்துக்கு அங்கே நிலையம் அமைக்கச் சம்மதம், பொது மீட்டரின் ஆர்ஆர் எண்ணும் (மின் இணைப்பு எண்) 60 கிலோவாட் என்ற அளவும், கையெழுத்திட அதிகாரம் பெற்றவர் எந்தப் பதவி என்பது, பெயர் அல்ல, ஏனென்றால் நிர்வாகிகள் மாறுவார்கள், கூரை நீர்க்கசிவு வந்தால் யார் பொறுப்பு என்பது. உங்கள் சங்கம் 1972 அபார்ட்மென்ட் உடைமைச் சட்டத்தின்கீழ் பதிவானதா என்று சரிபார்த்து, உடைமைப் பிரகடனத்தில் மொட்டை மாடி பொதுப்பகுதியாகக் காட்டியிருக்கும் பக்கத்தை நகலெடுத்து இணையுங்கள். சில கட்டடங்களில் மேல்தள வீட்டுக்கு மாடி உரிமை எழுதிக் கொடுத்திருப்பார்கள். அங்கேதான் எல்லாம் நின்றுபோகும்.

#15 · மில்லர்ஸ்டேங்க்

கேஇஆர்சி வரைவு ஒழுங்குமுறை வெளியிடும்போது கருத்துச் சொல்ல நாள் கொடுக்கிறார்கள், கட்டண மனுவுக்குப் பொதுவிசாரணையும் உண்டு. எழுதும்போது பொதுவாக "நெட் மீட்டரிங்கை ஆதரிக்கிறோம்" என்று எழுதினால் பதில் அட்டவணையில் ஒரு வரியில் கடந்துபோய்விடும். பிரிவு எண், இப்போதுள்ள வாசகம், வேண்டிய வாசகம், காரணம், உங்கள் மீட்டரின் 12 மாத எண் என்று எழுதுங்கள். "டிஜி உள்ள குடியிருப்புகளுக்கு இன்டர்லாக் வரைபடத்தை விண்ணப்பத்தோடு கட்டாயமாக்க வேண்டும்" என்று ரிலே சார் சொன்னதை ஒரு வாசகமாக எழுதிக் கொடுத்தால், அதை அவர்கள் அப்படியே எடுக்கலாம். இங்கே எடுத்தால் வேறு மாநிலமும் பார்க்கும்.

#16 · மாடிக்கூரை

60 கிலோவாட், 30 + 30 இன்வெர்ட்டர், டிசிஆர் பேனல் சீரியல் லிஸ்ட், டிஜி இன்டர்லாக், மூன்று எர்த் குழி, காலிக் குழாய். இந்த ஆறையும் போட்டு மூன்று கம்பெனிகளிடம் திரும்பக் கொட்டேஷன் கேட்கிறேன். பிரகடனத்தின் நகல் செயலாளரிடம் இருக்கிறது, நாளை எடுத்துப் பார்க்கிறேன். 12 மாத பில்லைக் கூட்டியதில் சராசரி 8,300 யூனிட் வருகிறது.

#17 · ரிலேபேனல்

8,300-ன்னா 60 சரியா உட்காரும். ஒண்ணு மட்டும்: எந்த மாசம் ரொம்பக் குறைவுன்னு பாருங்க. பள்ளி லீவுல ஏப்ரல், மே மாசம் பாதிப்பேர் ஊருக்குப் போயிடுவாங்க, வெயிலும் அப்பதான் உச்சம். அந்த ரெண்டு மாச பில்லை மட்டும் தனியா எழுதுங்க, பார்த்துட்டு சொல்றேன்.